நோயில்லாத இரத்தம்

என் அண்ணையின் இரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் எடுத்து, அதன் மேல் "நோயில்லாதவர்" என்று ஒட்டியது நான்தான். அந்தக் குழாய் இன்றைக்கும் எங்கள் ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அண்ணை இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, பொறுமையும் இல்லை. குருநகர்ப் பெண்களுக்கு வாய் நீளம் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதை விளங்கப்படுத்த முடியாமல் எங்கள் வீட்டில் நான் பட்ட பாடு போதும். கணையம் என்று ஓர் உறுப்பு இரைப்பைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கிடக்கிறது. அதில் புற்றுநோய் வந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். ஆனால் கட்டி சின்னதாக இருக்கும்போதே ஒரு புரதத்தை இரத்தத்தில் கசியவிடுகிறது. அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பெப்டைட் ஒன்றை வடிவமைப்பதுதான் என் வேலை. பெப்டைட் என்றால் புரதத்தின் சின்னத் துண்டு மாதிரி. கொஞ்ச அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. எதற்குப் பிறகு எதைக் கோப்பது என்பதில்தான் அதன் கெட்டித்தனம் எல்லாம் இருக்கிறது. அதன் வாலில் ஒரு டி.என்.ஏ. இழையைக் கட்டிவிடுவோம். பெப்டைட் தன் ஆளைப் பிடித்தவுடன் அந்த இழையின் மடிப்பு விரிந்து பச்சையாக ஒளிரும். பச்சை என்றால் வருத்தம், அதாவது நோய், இருக்கிறது. இருட்டு என்றால் இல்லை.

இதை நான் முதன்முதலாக அண்ணைக்குச் சொன்னபோது அவர் கரையில் வலையில் சிக்கிய பாசி எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீயும் தூண்டில்தான் போடுறாய். உதுக்கே இவ்வளவு காலம் படிச்சனீ?"

அடுத்த நாளே எங்கள் கத்தோலிக்கப் பங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது, என்னவென்றால் இன்னாரின் தங்கச்சி கான்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறாளாம். பூசை முடிந்து வெளியே வந்தால் கிழவிகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் என்றால் கோபம். "மருந்தில்லை அண்ணை, அது கண்டுபிடிக்கிற சாமான்" என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "உனக்கு விளம்பரம் செய்யத் தெரியாது. நீ சும்மா இரு" என்றார். அவருக்கு நான் என்ன செய்கிறேன் என்பது முக்கியமில்லை. தங்கச்சி பெரிதாக ஏதோ செய்கிறாள் என்பதுதான் முக்கியம்.

ஒரு பெப்டைட் நல்லதா கெட்டதா என்று அறிய இரண்டு வகை இரத்தம் வேண்டும். நோயாளிகளின் இரத்தத்தில் அது ஒளிர வேண்டும். நோயில்லாதவர்களின் இரத்தத்தில் இருட்டாக இருக்க வேண்டும். நோயாளிகளின் இரத்தம் முறைப்படி ஆஸ்பத்திரியிலிருந்து கிடைத்தது. நோயில்லாதவர்களைத் தேடுவதுதான் கரைச்சல், ஏனென்றால் நோயில்லாதவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கோயில் திருநாளுக்கு முதல்நாள் பங்கு மண்டபத்தில் இரத்ததானம் நடக்கும். கடலுக்குப் போகிற ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு சோடாவைக் குடித்துக்கொண்டு, யார் மயங்கி விழுந்தது என்று வருசம் முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். இரத்ததானம் கொடுக்கிறவனை விட ஆரோக்கியமான ஆள் யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைப்பான்? சுவாமியாரிடம் கேட்டு, மண்டபத்து மூலையில் எனக்கும் ஒரு மேசை போட்டேன். விரும்பினவர்கள் ஒப்பம் வைத்து எனக்கும் ஒரு சின்னக் குழாய் இரத்தம் தரலாம்.

வேலை சுகம் என்று, வீட்டில் இருந்தே எல்லாக் குழாய்களிலும் "நோயில்லாதவர்" என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஊசி குத்த முதலே ஆள் நோயில்லாதவர்.

அண்ணை சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து இருந்தார்.

"என்ரை இரத்தம் உனக்கு வேண்டாமடி. உப்புக் கூட. உன்ரை மெசின் பழுதாப் போயிடும்."

"கதையாமல் கையை நீட்டுங்கோ."

"உதிலை என்ன ஒட்டியிருக்கிறாய்?" குழாயைத் திருப்பிப் பார்த்தார். "ஆ, நோயில்லாதவர்! இதைக் கொஞ்சம் உன்ரை மச்சாளுக்குக் காட்டு. நாரி நோகுது எண்டு சொன்னால் நடிக்கிறன் எண்டு சொல்லுறாள்."

மச்சாள், அண்ணையின் மனைவி, பக்கத்தில்தான் நின்றாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்துபோன வழியில்தான் அண்ணைக்கும் அவளுக்கும் சரிவந்தது. அதனால் அவளுக்கும் எனக்கும் இடையில் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"வலை இழுக்கிற ஆளுக்கு நாரி நோகாமல் பல்லே நோகும்?" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நாரி, அந்த அடிமுதுகு, நோகுது என்று அவர் தன் வாயால் சொன்னார். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரி மழை தொடங்கிய பிறகுதான் முதல் பெப்டைட்டைச் சோதித்துப் பார்த்தோம். அது வெளிநாட்டில் செய்து, ஐஸ் பைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்த வெள்ளைத் தூள். கண்ணாடித் தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தில் ஒரு துளி. நீல விளக்கைப் போட்டவுடன் நோயாளிகளின் வரிசை பச்சையாக எரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வருசக் கணக்கில் கணினித் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று என் கண் முன்னால் வேலை செய்கிறது. பிறகு நோயில்லாதவர்களின் வரிசையைப் பார்த்தேன். எல்லாம் இருட்டு. ஒன்றைத் தவிர.

திரும்பவும் செய்தேன். அதே ஒன்று, அதே பச்சை. குழாயில் எழுதிய இலக்கத்தைப் பார்த்தேன். அண்ணையின் குழாய்.

எங்கள் பேராசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தார். நிதானமான மனுசி. ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஆள் சுகமான ஆள்தானே?"

நான் சிரித்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! "மெடம், அது என்ரை அண்ணை. நடுக்கடலிலை எஞ்சின் நிண்டால் இறங்கி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வாற ஆள்."

அவரும் சிரித்தார். கதை அதோடு முடிந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. கருவி ஒன்று சொல்லி, நாங்கள் முன்னமே நினைத்தது வேறொன்றாக இருந்தால், கருவியைத்தான் சந்தேகப்படுவோம். பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். புதிதாகச் செய்த பெப்டைட் கண்டதையும் போய் ஒட்டுவது சாதாரணம். இரத்தத்தில் கொழுப்புக் கூட இருந்தாலே போதும், ஏமாந்துவிடும்.

அன்றைக்குப் பின்னேரமே நேரே அண்ணை வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அண்டைக்கு என்னத்தைத் திண்டிட்டு வந்தனீங்கள்?"

"எண்டைக்கு?"

"இரத்தம் தந்த அண்டைக்கு!"

யோசித்தார். "ஆட்டிறைச்சிக் கறியும் பாணும். ஏன்?"

"ஏனோ? உங்கடை இரத்தத்தாலை என்ரை முழு வேலையும் குழம்பிப்போய்க் கிடக்கு. எல்லாரும் ஒழுங்கா இருக்க நீங்கள் ஒராள் மட்டும் பச்சையா எரியிறியள்."

அவருக்கு உண்மையாகவே கவலையாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்கொள்ளடி. தெரிஞ்சிருந்தால் வெறும் தேத்தண்ணியோடை வந்திருப்பன்" என்றார். வேண்டுமென்றால் இப்போதே திரும்பவும் இரத்தம் எடு என்று கையை நீட்டினார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், சாப்பிடாமல் எடுத்த இரத்தமும் பச்சையாக எரிந்திருக்கும். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்குமோ என்னவோ. என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனுசன்.

பிறகு மாதக் கணக்காக நான் செய்த வேலை என்ன? அந்தப் பெப்டைட்டைத் திருத்தினேன். நடுவில் எண்ணெய்க் குணமுள்ள அமினோ அமிலம் ஒன்று இருந்தது. அதுதான் கண்டதையும் பிடிக்கிறது என்று முடிவு கட்டி, அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கோத்தேன். திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடி கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரே ஒரு குழாயை இருட்டாக்குவதற்காக அவ்வளவு பாடுபட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

புதிய தூள் தவக்காலத்தில் வந்து சேர்ந்தது. தட்டைப் போட்டு விளக்கை ஏற்றினேன். அண்ணையின் குழி இருட்டு. சுத்தமான இருட்டு. நோயாளிகளின் வரிசையிலும் பச்சை கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. சிலது இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு கூட்டலாம் என்று சொல்லிக்கொண்டோம். மெடம் என் முதுகில் தட்டினார். நான் துள்ளிக்கொண்டு போய்க் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு அண்ணை வீட்டுக்கு ஓடினேன்.

"வெட்டுங்கோ அண்ணை. உங்கடை இரத்தத்தைத் திருத்தியாச்சு!"

அவர் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். தவக்கால உபவாசம் என்று தான் சாப்பிடவில்லை.

"ஒருசந்தியடி. நீங்கள் சாப்பிடுங்கோ."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "இந்தத் தவக்காலம்தான் இவன் ஒழுங்கா ஒருசந்தி பிடிக்கிறான். முந்தியெல்லாம் மத்தியானம் வரைக்கும் தாங்கமாட்டான். கண்டியோ, மாதா கண்ணைத் திறந்திட்டா."

அவர் மெலிந்திருந்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை குத்தியிருந்தார். நான் கண்டேன். எல்லோரும் கண்டோம். தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் மெலிந்த ஆளைப் பார்த்து ஒருவரும் பயப்படமாட்டார்கள், மெச்சுவார்கள். சாப்பிட மனமில்லாததை அவர் பக்தி என்று தானே நம்பியிருந்தார் என்று பிறகு மச்சாள் சொன்னாள். பசி எடுக்காதது லேசாக இருக்கிறது, ஆண்டவர் உதவி செய்கிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்தது. ஒருசந்தி முடிந்தது. அவருக்குப் பசி திரும்பி வரவில்லை. ஒரு நாள் காலமை மீன் ஏலம் விடுகிற இடத்தில், நல்ல வெயிலில், மச்சாள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

"செங்கமாரி" என்றார் அம்மா, மஞ்சள் காமாலையைத்தான். கீழ்க்காய் நெல்லி இடித்துக் குடிக்கக் கொடுத்தார். பிறகு பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பரியாரியாரிடம், நாட்டு வைத்தியரிடம், கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, ஒரு மருந்தும் கொடாமல், "கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். செங்கமாரி என்ற சொல்லைக் கேட்டவுடன் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். நோயாளிகளின் விவரத்தில் எத்தனை தரம் அந்த வரியை வாசித்திருக்கிறேன். மெலிவு, நாரி நோ, பசியின்மை, மஞ்சள்.

ஸ்கான் எடுத்த பிறகு டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். என்னை விட இளம் பிள்ளை.

"நீங்கள் உதிலைதானே ஆராய்ச்சி செய்யிறீங்கள். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை" என்றார். "ஈரலுக்கும் போயிட்டுது. வெட்ட ஏலாது."

"எவ்வளவு காலமா இருந்திருக்கும்?"

"சொல்லக் கஷ்டம். ஒரு வருசமாவது இருந்திருக்கும்."

நான் நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு, எல்லோரும் பூசைக்குப் போன நேரம், நான் ஆய்வுகூடத்தைத் திறந்தேன். குளிர்ப்பெட்டியிலிருந்து திருநாள் குழாயை எடுத்தேன். உறைந்த சீட்டில் என் கையால் ஒட்டிய சொல் அப்படியே இருந்தது. பழைய பெப்டைட்டின் தூளில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒன்றில் பழையதும் மற்றதில் புதியதும் போட்டு, இரண்டுக்கும் அண்ணையின் துளியை விட்டேன். வேறு எந்தக் குழியும் நிரப்பவில்லை.

விளக்கைப் போட்டேன். பழையது பச்சை. நான் திருத்தியது இருட்டு.

கணையத்தில் சின்னதாக அது இருந்த காலத்திலேயே என்னுடைய முதல் பெப்டைட் அதைப் பிடித்திருந்தது. யாரும் நம்பாமல், தன்னந்தனியாக, சரியாகச் சொல்லியிருந்தது. நான்தான் மாதக் கணக்காக இருந்து அதன் கண்ணைக் குருடாக்கியிருக்கிறேன். அந்தக் கதிரையில் இருந்து வாய்விட்டுக் குழறி அழுதேன். கேட்க ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று. அப்போது தெரிந்திருந்தால் வெட்டி எடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாமா என்று பிறகு எத்தனையோ டாக்டர்மாரிடம் கேட்டேன். ஓம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்த வேண்டும்போல இருந்தது.

வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ செய்யிற மருந்தைக் குடுவன் பிள்ளை. ஊருக்கே செய்யிறாய், கூடப் பிறந்தவனுக்குக் குடுத்தால் என்ன?"

"அது மருந்தில்லை அம்மா. வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற சாமான்."

"கண்டுபிடிச்சாச்சுத்தானே. இனி மருந்தைக் குடு."

இதே மாதிரி ஒரு பெப்டைட்டின் முதுகில் மருந்தை ஏற்றிக் கட்டிக்கே நேரே அனுப்பலாம் என்று நாங்கள் கட்டுரை எழுதுகிறோம். படமும் கீறுகிறோம். அந்தப் படத்தை ஒரு தாயின் கையில் கொடுத்து இதைத்தான் அம்மா செய்திருக்கிறோம் என்று சொல்ல முடியுமா? நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அண்ணையிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து இருந்தார். முகம் மஞ்சளாக, கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. முன்னால் ஒரு தோடம்பழம், உரித்தபடி, சாப்பிடாமல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திருநாள் இரத்தம், அந்தப் பச்சை, ஆட்டிறைச்சி என்று நான் பிடித்த சண்டை, திருத்தியது, ஞாயிற்றுக்கிழமை கண்டது. சொல்லி முடித்துவிட்டு, அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

முன்னால் இருந்த தோடம்பழத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப உன்ரை சாமான் வேலை செய்யுது!" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதலாவதே சரியா வந்திருக்கு. நீ ஏனடி அழுகிறாய், விசரி? ஆட்டிறைச்சியிலை பிழையில்லை எண்டு இப்பவாவது ஒப்புக்கொள்ளு."

பின்னேரம் கரையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வள்ளத்தில் கூடத் தொழில் செய்கிறவர்கள், பெரிய ஆண்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களைச் சமாளிக்க அண்ணைக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. "கேள்விப்பட்டனியளோ? டாக்டர்மார் கண்டுபிடிக்க முதலே என்ரை தங்கச்சியின்ரை சாமான் என்ரை வருத்தத்தைப் பிடிச்சிட்டுது. முதலே!" ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகச் சொன்னார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது.

மச்சாள் கட்டில் காலடியில் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் போன பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"முதலே எண்டா எப்ப, மச்சாள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார்.

"போன திருநாள்" என்றேன்.

அவள் போர்வையை மடித்து முடித்தாள். தலைமாட்டில் வைத்தாள். தோடம்பழத் தோலை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஏசத் தெரியும், ஏச்சு வாங்கவும் தெரியும். அவளோ தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவாள்.

அண்ணை ஆடி மாதம் போனார். கடைசி நாட்களில் ஒரு நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, திரும்பவும் இரத்தம் வேணுமோ என்று கேட்டார். "இப்ப நோய்க்காரர் பக்கத்திலை போடலாம்" என்றார். அதையும் பகிடியாகத்தான் சொன்னார். நான் எடுத்தேன். அந்தக் குழாயில் எதையும் ஒட்ட என் கை வரவில்லை. அவரை அடக்கம் செய்த நாள் எங்கள் கரையிலிருந்து ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை. எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மெடம் வந்தார். பூசை முடிந்து வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்று, "நான் அண்டைக்கு இன்னொருக்கால் கேட்டிருக்கலாம்" என்றார். அவருக்கும் தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்க்கவே தெரிந்தது. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். விடலாம், ஆனால் முதலாவது பெப்டைட்டை யார் திரும்பச் செய்வது என்று கேட்டார். நான் திரும்பவும் ஆய்வுகூடத்துக்குப் போனேன். எடுத்தெறிந்த அந்த அமினோ அமிலத்தை எடுத்த இடத்திலேயே திரும்பக் கோத்தேன். புதிய தூள் வந்தது. நோயாளிகளின் வரிசை முன்னைப் போலவே பளிச்சென்று எரிந்தது. இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. அண்ணையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்து, கதவு வரைக்கும் போய்விட்டேன்.

பிறகு திருநாள் வந்தது. மண்டபத்தில் இரத்ததானம். எனக்கு நோயில்லாதவர்களின் இரத்தம் திரும்பவும் தேவைப்பட்டது. போவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மாதான் போ என்று துரத்தினார். அதே மூலையில் மேசை. இந்த முறை குழாய்களில் இலக்கத்தைத் தவிர ஒன்றும் ஒட்டவில்லை. ஒப்பத் தாளிலும் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தோம்: முடிவில் ஏதாவது சந்தேகம் வந்தால் உங்களுக்கு அறிவிக்கலாமா? ஆட்கள் என் மேசைக்கு வரத் தயங்கினார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியுமா? நானும் வெறும் குழாய்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கூட்டம் விலகியது. மச்சாள் வந்துகொண்டிருந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புச் சீலை. என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஒப்பத் தாளை ஒரு வரி விடாமல் வாசித்து ஒப்பம் வைத்தாள். பிறகு ஒரு குழாயை எடுத்து, அன்றைக்கு அண்ணை செய்தது மாதிரியே, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்டும் ஒட்டேல்லையோ?" என்றாள். மாதக் கணக்குக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் சொல்.

"இல்லை."

தலையை ஆட்டினாள். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை மேசையில் நீட்டினாள். நரம்பைத் தேடிப் பிடித்து ஊசியை ஏற்றினேன். இரத்தம் குழாயில் ஏறுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பஞ்சை வைத்து அமத்தியபோது அவள் மற்றக் கையால் என் கையைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள்.

"இந்த முறை பச்சையா எரிஞ்சால் உன்ரை சாமானைத் திருத்தாதை, மச்சாள்" என்றாள். "என்னட்டை வா."